டிரைவர் அண்ணனின் இடது கால்

தியேட்டர் அக்கா என்றதும் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு தியேட்டர். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், இரட்டைக் கதவுக்குப் பின்னால், ஆளை அறுத்துத் தைக்கிற தியேட்டர். அங்கே முப்பத்தோரு வருஷமாக அக்காதான் எல்லாம். டாக்டர்கள் வந்தார்கள், பெரிய பேர் வாங்கினார்கள், போனார்கள். நர்ஸுகள் கல்யாணமாகிப் போனார்கள். அக்கா மட்டும் அதே பச்சைச் சட்டையும் அதே ரப்பர் செருப்புமாக இருந்தாள். தரை துடைப்பாள், கத்தி கத்தரிகளைக் கழுவி ஆவியில் வைப்பாள், ரத்தம் ஒற்றிய துணிகளை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணுவாள். ஒருமுறை துணி ஒன்று குறைகிறது என்று அவள் சொல்ல, பெரிய டாக்டர் "உனக்கு எண்ணத் தெரியுமா?" என்று எகிற, கடைசியில் தைத்த வயிற்றைத் திரும்பப் பிரித்து அந்தத் துணியை எடுத்தார்கள். அன்றிலிருந்து அக்கா "ம்" கொட்டினால்தான் ஊசியில் நூல் கோப்பார்கள். அப்படிப்பட்டவள் செய்த ஒரே ஒரு தப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வரன் வந்தபோதெல்லாம் அப்பா படுக்கையில் கிடந்தார். அப்பா போய்ச் சேர்ந்தபிறகு வரன் வரவில்லை. இதில் ஒப்பாரி வைக்க ஒன்றும் இல்லை என்று அவளே சொல்வாள். மாடிப்படியை ஒட்டி ஒற்றை அறை, ஒரு அடுப்பு, ஒரு ரேடியோ, சுவரில் மாதா படம். ஞாயிறு காலைப் பூசைக்கு மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தாலே பட்டனை அமுக்கிவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார்.

மூன்றாவது மாடியில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வெளியே பேசாத ஒரு வேலை உண்டு. சர்க்கரை வியாதியில் அழுகிய கால், மிஷினில் மாட்டிய கை. வெட்டி எடுத்தபிறகு அதை என்ன செய்வது? மஞ்சள் பையில் கட்டிக் கீழே அனுப்பி எரித்துவிடுவார்கள். பாதிப் பேர் கேட்கக்கூட மாட்டார்கள். ஆனால் அக்கா போகிற கோயிலைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடைசி நாளில் இந்த உடம்பேதான் எழுந்திரிக்கும் என்று ஞாயிறுதோறும் வாயால் சொல்கிறோம். சொல்லிவிட்டு, அந்த உடம்பில் ஒரு பாகத்தைக் குப்பையோடு போடுவதா என்று யாரோ எப்போதோ கேட்டிருக்க வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் கையோ காலோ, கல்லறைத் தோட்டத்தில் சாமியார் மந்திரித்துப் புதைப்பது என்று ஆகிவிட்டது.

சரி, யார் கொண்டுபோவது? புருஷனின் காலைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தால் எந்தப் பெண்டாட்டி தாங்குவாள்? முதல் தடவை அப்படி ஒருத்தி வராந்தாவிலேயே சுருண்டு விழுந்தாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "குடும்மா இப்படி," என்று வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. கையெழுத்து வாங்கின சீட்டு ஒன்று, குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்று, மேலே வெள்ளைத் துணி. ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து கல்லறைக்கு இருபது நிமிஷ நடை. பஸ்ஸில் ஏற மாட்டாள். "ஏறினா கண்டக்டர் ஒரு டிக்கெட் குடுப்பானா, ஒண்ணே கால் குடுப்பானா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

டிரைவர் அண்ணன் அந்த மாடிக்கு வந்தது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். பஸ் ஓட்டுகிறவர், ஆஜானுபாகு. இடது காலில், கட்டைவிரலில் ஆரம்பித்த கருப்பு கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், துடைப்பத்தோடு போன அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தங்கச்சி, நீதான் கொண்டுபோவியாமே?"

"ஆமாண்ணே. பத்திரமாக் கொண்டுபோவேன். கவலைப்படாதீங்க."

"எனக்கு ஒரே பொண்ணு. நாலு வயசு. காய்ச்சல்ல போயி ரெண்டு மாசம்தான் ஆகுது. தூங்கணும்னா என் கால்மேல தன் காலைத் தூக்கிப் போட்டுக்கும். இல்லேன்னா தூங்காது. இந்தக் காலை அவ பக்கத்துல வெச்சிடும்மா." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "கடைசி நாள்ல எல்லாரையும் எழுப்பறப்போ, கண்ணைத் தொறந்ததும் யாரும் இல்லேன்னு புள்ள அழக்கூடாது. கால் பக்கத்துல கிடந்தா, அப்பா இங்கதான் எங்கயோ இருக்காருன்னு தெரிஞ்சுக்கும்."

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். சரிண்ணே என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவள் அதிகம் பேசவில்லை என்பதை லிஃப்ட்காரர்கூடக் கவனித்தார்.

மறுநாள் பாருங்கள், ஒரே நாளில் இரண்டு கால். மரம் அறுக்கிற மில்லில் ஒருத்தருக்கு வலது கால் ரம்பத்தில் மாட்டி, துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரும் அதே கோயில்தான். மத்தியானத்துக்குள் இரண்டு பெட்டி தயார். பெட்டிமேல் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியிருந்தாள் அக்கா. ஒரு பெட்டியின் அடி ஈரத்தில் நைந்துவிட்டதால், இரண்டையுமே புதுப் பெட்டிக்கு மாற்றினாள். பேர் எழுதின பிளாஸ்திரியை உரித்து மேஜை விளிம்பில் ஒட்டிவைத்த நேரம் பார்த்து அவசர மணி அடித்தது. பிரசவத்தில் சிக்கல். ஓடினாள். அரை மணி கழித்து வந்து பிளாஸ்திரியை எடுத்துப் பெட்டிகளில் ஒட்டினாள். எண்ணுவதில் தப்பாதவள் ஒட்டுவதில் தப்பினாள்.

கல்லறையில் டிரைவர் அண்ணன் வீட்டார் காத்திருந்தார்கள். குழந்தையின் குழிமேல் மண் இறங்கட்டும் என்று இரண்டு மாசம் விட்டிருந்தார்கள்; அன்றைக்குத்தான் சிமென்ட் பலகை போட ஏற்பாடு. கொத்தனார் கலவையோடு நின்றார். தோட்டக்காரர் பக்கவாட்டில் மண்ணைத் தோண்டிக் கொடுத்தார். கல்லறையைக் காக்கிறவர்தான் அவர், ஆனால் வெட்டியான் என்று கூப்பிட்டால் கோபம் வரும். இரண்டு செடி நட்டதிலிருந்து தோட்டக்காரர். பெட்டியை வைத்து, சாமியார் தீர்த்தம் தெளித்து, பலகையும் மேலே ஏறியது. பிறகு மில்காரரின் காலுக்காக அக்காவும் தோட்டக்காரரும் பின்சுவர் ஓரம் போனார்கள். அங்கே ஒரு கொய்யாக் கன்றுக்குப் பக்கத்தில் குழி. பெட்டியை இறக்கக் குனிந்தபோது துணி விலகியது. உள்ளே கட்டைவிரல் கன்னங்கரேலென்று இருந்தது.

மில்காரருக்கு ஏது கருத்த கட்டைவிரல்? அக்கா திரும்பிக் குழந்தையின் குழிப் பக்கம் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். முப்பது தப்படி தூரத்தில்தான் கொத்தனார் ஈரச் சிமென்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஆனால் அவள் அப்போது, பன்னிரண்டு வருஷமாகியும், தற்காலிக வேலையில்தான் இருந்தாள். அடுத்த வாரம் நிரந்தரம் பண்ணுகிறோம் என்று கடிதம் வந்திருந்தது. வீட்டில் அப்பா படுத்த படுக்கை. வாயைத் திறந்தாள், மூடினாள், மென்று விழுங்கினாள். தோட்டக்காரர், "மழை வரும்போல இருக்கு, சட்டுனு வைக்கா," என்றார். வைத்துவிட்டாள்.

நிரந்தரம் ஆனது. நிம்மதிதான் போனது.

டிரைவர் அண்ணன் பிழைத்தார். மரக்கால் போட்டுக்கொண்டார், பஸ் டெப்போவில் நேரம் குறிக்கிற வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அக்காவைப் பிடித்து நிறுத்திக்கொள்வார். புதிதாக யாராவது பக்கத்தில் நின்றால் போதும், "இவ யார் தெரியுமா? என் காலைச் சுமந்தவ!" என்று ஆரம்பிப்பார். "நீங்கல்லாம் மொத்தமாப் போவீங்க. நான் தவணை முறையில போறேன். முதல் தவணை கட்டியாச்சு, என் பொண்ணுகிட்ட இருக்கு!" சொல்லிவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அக்கா செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொள்வாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அந்தக் கொய்யாக் கன்று மரமாகிவிட்டது. சும்மா மரமா? கிளை முறிகிற அளவுக்குக் காய்ப்பு. தோட்டக்காரர் பழத்தைப் பைபையாகக் கட்டி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார். டிரைவர் அண்ணன் பலகைமேல் உட்கார்ந்து, மகளோடு பேசிக்கொண்டே, ரசித்து ரசித்துத் தின்பார். "அடடா, என்ன ருசி! தங்கச்சி, நீ ஒண்ணு சாப்பிடேன்!" அக்கா பார்த்துக்கொண்டு நிற்பாள். தன் காலைத் தானே தின்கிற மனுஷனைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம்தான் ஒருத்தி நிற்க முடியும்?

இப்போது அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற ஐந்து மாசம் இருந்தது. டிரைவர் அண்ணன் நெஞ்சுவலி என்று வந்து இரண்டாம் மாடியில் படுத்துவிட்டார். இனிமேல் வீட்டுக்குப் போக மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், அவர் பெண்டாட்டியான அண்ணிக்கும் தெரியும். ஒரு மத்தியானம் அக்கா பார்க்கப் போனபோது தோட்டக்காரரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஏதோ கல்யாண ஏற்பாடு மாதிரி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வா வா, உனக்குத்தான் காத்திருக்கேன். என்னை வைக்கப் புள்ளையோட பலகையைத் தூக்கறப்போ நீ பக்கத்துல நிக்கணும். என் காலை எடுத்து, பெட்டியில என்கூட ஒட்டினாப்புல வெச்சிடு. கொண்டுபோய் வெச்சவ நீதானே, எடுத்துக் குடுக்கறதும் நீயா இருக்கணும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார் தோட்டக்காரர் பெருமையாக. "இடதா வலதான்னு எலும்பைப் பார்த்தே சொல்லிடுவேன். முப்பது வருஷமா இதே வேலை."

அண்ணனுக்காகக் கொண்டுவந்த டீத் தெர்மாஸ் அக்கா கையில் இருந்தது. தெர்மாஸ் மூடியைத் திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். அண்ணி, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அன்றைக்கே கோயிலுக்குப் போனாள். சாமியார் இளவயசுக்காரர். பூசை உடுப்புகளை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பாவத்தை வருஷத்துக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிச் சொல்லி, மூன்று சாமியார்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"சாமி, கால் மாறிப்போச்சுன்னா கடைசி நாள்ல குழப்பம் வருமா?"

"ஒண்ணுமே இல்லாததுல இருந்து உலகத்தைச் செஞ்சவருக்கு, எந்தக் கால் எங்க கிடக்குன்னு தெரியாதாக்கா?"

"கால்னு ஒண்ணு இருந்தாத்தானே சாமி? அது மண்ணாப் போச்சு. மண்ணு மரமாச்சு, மரம் பழமாச்சு, பழத்தை இந்தக் கோயில் பூரா தின்னாச்சு. நீங்களும் தின்னீங்க. இப்போ அந்தக் கால் யாரோடது?"

சாமியார் கையிலிருந்த உடுப்பு அப்படியே நின்றது. கடைசியாகத் தின்ற பழத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. பிறகு மெதுவாகச் சொன்னார்: "திரும்பி வரப்போறது மனுஷங்க மட்டும் இல்லக்கா. மண்ணு, மரம், ஆறு, படைச்சது எல்லாமும்தான். பழசைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு செய்யறது இல்ல. இதையேதான் சரி பண்ணித் தரப்போறார். அதனால மரத்துகிட்ட இருந்து பிடுங்கித்தான் அண்ணனுக்குக் குடுக்கணும்னு இல்ல. எப்படின்னு மட்டும் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது."

"படிச்சவங்க தெரியாதுன்னு சொன்னா எனக்குப் பிடிக்கும்," என்றாள் அக்கா. "சரி, இந்தப் பாவத்தை இன்னொரு தடவை சொல்லிடறேன்."

"வேணாம்." சாமியார் உடுப்பைக் கீழே வைத்தார். "பத்தொன்பது தடவை சொல்லியாச்சு. கடவுள் முதல் தடவையே மன்னிச்சிட்டார். மீதிப் பதினெட்டு தடவை, வேற ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டியதைத்தான் அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மீசை முளைத்து நாலு நாள் ஆகவில்லை, பேச்சைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினாள். ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அண்ணி சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துப் போனாள். கட்டில் பக்கத்தில் நின்றபடியே சொன்னாள். பெட்டி நைந்தது, மணி அடித்தது, பிளாஸ்திரி, கருத்த விரல், ஈரச் சிமென்ட், நிரந்தர வேலை. ஒன்றையும் மறைக்கவில்லை, எதற்கும் சாக்குச் சொல்லவில்லை.

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அப்போ என் புள்ள பக்கத்துல கிடக்கறது யாரு?"

"மில்லுல வேலை பார்த்தவர் ஒருத்தர், அண்ணே."

"யாரோ ஒருத்தன்." அவர் குரல் உடைந்தது. "பத்தொன்பது வருஷமா நான் அவகிட்டே போய், அப்பா கால் இங்கதான் இருக்கு, பயப்படாதேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே. என்னைப் புள்ளைகிட்ட பொய் சொல்ல வெச்சிட்டியே நீ."

அக்கா அழுதாள். அழுதுகொண்டே, "அண்ணே" என்றாள்.

"போம்மா," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் அக்கா இரண்டாம் மாடி பக்கமே போகவில்லை. பின்படிக்கட்டு வழியாக ஏறினாள், இறங்கினாள். தியேட்டரில் ஒரு கிண்ணத்தைக் கை தவறிப் போட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. நர்ஸுகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், இரட்டைக் கதவுக்கு வெளியே அண்ணி நின்றிருந்தார்.

"எல்லாம் சொன்னார்," என்றார் அண்ணி. "வரச் சொல்றார். வா. எனக்கும் உன்மேல கோபம்தான், அதை அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணன் இளைத்திருந்தார். மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. "சாமியார் வந்தார்," என்றார். "புது வானம், புது பூமி, எல்லாம் சொன்னார். நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவ கண்ணைத் தொறக்கறப்போ தனியா இருப்பாளா, மாட்டாளா? அவர் படிச்சவர், புள்ளை குட்டி இல்லாதவர். நீ சொல்லு."

தனக்கும்தான் பிள்ளைகுட்டி இல்லை என்று அக்கா சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள்.

"அண்ணே, எங்க மாடியில மயக்கம் தெளியற ரூம் ஒண்ணு இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சதும் அங்கதான் போடுவாங்க. அம்மா அப்பா யாரையும் உள்ள விடமாட்டாங்க. சின்னப் புள்ளைங்கன்னா நான் பக்கத்துல உக்காந்துக்குவேன். எனக்கு ஷிப்டு முடிஞ்சாலும் போகமாட்டேன். கண்ணு லேசா துடிக்கும் பாருங்க, அப்பவே கையைப் பிடிச்சிக்குவேன். முழிச்சதும் முதல்ல ஒரு முகம் தெரியணும். எழுதின சட்டம் இல்ல, நான் போட்ட சட்டம். முப்பத்தோரு வருஷத்துல ஒரு புள்ளையைக்கூடத் தனியா முழிக்க விட்டதில்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒரு டீயை ஒழுங்காப் போடத் தெரியாத ஆஸ்பத்திரிண்ணே இது. இங்கேயே விடறதில்ல. எழுப்பறவர் அவர். எழுப்பிட்டு அவரா தனியா விட்டுட்டுப் போயிடுவார்?"

அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அண்ணி முந்தானையால் துடைத்தார். வராந்தாவில் சாப்பாட்டு வண்டி உருண்டு போனது.

"சரி," என்றார் அண்ணன். "அப்போ என் கால் எங்க இருக்கு?"

"பின்சுவர் ஓரம், அண்ணே. அந்த... கொய்யா மரத்தடியில."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"நான் தின்னேனே?"

"தின்னீங்க."

"வருஷா வருஷம் தின்னேனே!"

"ரசிச்சுத் தின்னீங்க, அண்ணே."

அண்ணிதான் முதலில் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. அதைப் பார்த்து அண்ணனும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நர்ஸ் ஓடி வந்து மூவரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். தோட்டக்காரரிடம் சொல்லி வேரை வெட்டித் தோண்டிப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டாள். அண்ணன் பதறிக் கையை ஆட்டினார்.

"மரத்துல கை வைக்காதே. எல்லாத்தையும் சரி பண்ணித் தர்றப்போ மரமும் வரட்டும், காலும் வரட்டும். எப்படிப் பிரிச்சுக் குடுக்கறதுங்கறது அவர் பாடு." மூச்சு வாங்கினார். "எனக்கு அந்த மில்காரனைத்தான் நினைச்சா மனசு கேக்கல. அன்னைக்கு எழுந்திரிச்சு ஒத்தைக் கால்ல நின்னுகிட்டு எங்கன்னு தேடுவான்? அவனுக்கு யார் சொல்லுவா? அவனைக் கண்டுபிடி, தங்கச்சி. உன் கால் எங்க பொண்ணுகிட்ட இருக்குன்னு சொல்லிடு."

தங்கச்சி என்று திரும்ப வந்துவிட்டது. அக்காவுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. ஆகாயத்தில் இருக்கிறவரைத் தேடச் சொன்னாலும் தேடியிருப்பாள்.

மில் மூடி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருத்தர், அவருக்குத் தெரிந்த இன்னொருத்தர் என்று கேட்டுக் கேட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு ஊரில் அவர் நாற்காலி பின்னிப் பிழைக்கிறார் என்று கண்டுபிடித்தாள். போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் வெடித்தது.

"ஏம்மா, போனது ஒரு கால், அதையும் இடம் மாத்திப் போட்டுட்டு, பத்தொன்பது வருஷம் கழிச்சு போன் பண்றியா? நான் அந்த ஊர்ல இருந்தவரைக்கும் அந்தக் கொய்யா மரத்துக்குக் கும்பிடு போட்டுட்டு வந்திருக்கேன்!"

அக்கா வாங்கிக்கட்டிக்கொண்டாள். பிறகு குழந்தையைப் பற்றிச் சொன்னாள். போன் வைக்கப்பட்டுவிட்டது.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார் அண்ணன்.

"திட்டினார்."

"திட்டுவான். கால் அவனோடது. வருவானா?"

"தெரியலண்ணே. வெச்சிட்டார்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கு மூன்றாம் நாள் காலையில், அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, சத்தம் காட்டாமல் போய்விட்டார். அக்கா மில்காரருக்கு இன்னொரு தடவை போன் போட்டு, அடக்கம் எப்போது என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

அடுத்த நாள் பலகையைத் தூக்கினார்கள். தோட்டக்காரர் குழியில் இறங்கி, மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை விலக்கினார். குழந்தையின் பெட்டி எப்போதோ மண்ணோடு மண்ணாகியிருந்தது. பக்கத்தில் நீளமாக ஒரு எலும்பு மட்டும் கிடந்தது. தோட்டக்காரர் அதைப் பார்த்தார். "வலதுதான்," என்று மெல்லச் சொன்னார். அவரிடம் அன்றைக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எலும்பை எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றிக் குழியோரத்தில் வைத்தார். சாமியார் செபத்தை முடித்துவிட்டார், பெட்டியை இறக்கக் கயிற்றையும் எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் கேட் பக்கம் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

நரைத்த தலை, ஒட்டிய கன்னம், வலப்பக்கம் மடித்து ஊசி குத்தின பேன்ட். தோளில் ஒரு துணிப்பை. வேறு யாராக இருக்க முடியும்? வழிவிட்டார்கள். குழியோரம் வந்து நின்று, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், துணியில் சுற்றிவைத்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் எலும்பைத் தானே நின்று பார்த்த மனுஷர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அக்காவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நான்தான் போன் பண்ணினது," என்றாள்.

"தெரியுது." அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். "எங்க ஊர்க் கல்லறையில எனக்கு இடம் வாங்கி வெச்சிருக்கேன். எடுத்துக்கிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

நியாயம்தானே. தோட்டக்காரர் குனிந்து துணியைத் தூக்கினார். அப்போது அண்ணி முன்னால் வந்தார். ஐந்து நாளாகத் தூங்காத கண்.

"எடுத்துக்கங்க தம்பி, உங்களோடதுதான். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். பத்தொன்பது வருஷம் என் புள்ளை பக்கத்துல இருந்தது நான் இல்ல, அவரும் இல்ல. நீங்கதான். அவளைத் தனியா விடாம இருந்தீங்களே." மில்காரர் ஊன்றுகோலைப் பிடித்திருந்த கையை அண்ணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மில்காரரின் வாய் கோணியது. பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தோட்டக்காரரைப் பார்த்து, "அங்கேயே வைப்பா," என்றார். "கொஞ்சம் தள்ளி வை. நடுவுல அவங்க அப்பா படுக்கட்டும்."

அப்படியே வைத்தார்கள். கயிறு பிடித்தவர்கள் பெட்டியை மெதுவாக இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை அண்ணி போட்டார், இரண்டாவதை அக்கா போட்டாள். மில்காரர் ஊன்றுகோலை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக் குனிந்து, தானும் ஒரு பிடி போட்டார். நிமிர்ந்ததும் அண்ணியிடம் கேட்டார்.

"பாப்பா பேர் என்னக்கா?"

அண்ணி சொன்னார்.

மறந்துவிடக் கூடாது என்பதுபோல அந்தப் பேரை அவர் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "காலைக் கேட்டு அன்னைக்கு அவகிட்டதானே நான் வரணும்," என்றார். "பேர் தெரியாம எப்படிக் கூப்பிடறது?"